ஒன்பது மரக்காசும் ஒரு சதமும்

மூக்கனைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்படியிருந்தும் அவர் இங்கே இருந்த காலம் முழுக்க நான் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'வாத்தியாரய்யா' என்பார். தோட்டத்தில் அதுதான் வழக்கம். அதை மீறுகிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. எழுத்திலாவது 'அவர்' என்று வைக்கிறேன். இதனால் எதுவும் ஈடாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேசனில் இறங்கி மேற்கே ஏறினால் கல்லுக்குழித் தோட்டம். அங்கே மூக்கனுக்கு இரண்டு வேலை. ஒன்று கான் வெட்டுவது. மழைத் தண்ணீர் தேயிலைக்கு அடியிலுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க மலைச்சரிவின் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் கான் என்று பெயர். மற்ற வேலை, யாராவது செத்தால் குழி வெட்டுவது. முதலாவதற்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. இரண்டாவதை அவர் பிறந்த சாதி அவர் தலையில் கட்டியது.

இனி மரக்காசு. எங்கள் தோட்டத்தில் பதினாலு குடும்பங்களிடம் வீட்டுக்கொரு பழைய வெள்ளிக்காசு இருந்தது. உள்ளங்கையை அடைக்கிற பெரிய காசு. ஒரு பக்கம் ஒரு மரம், மரத்தடியில் கழுத்து நீண்ட இரண்டு ஆடுகள் படுத்திருக்கும், மேலே ஆறு நட்சத்திரம். மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரன் தலை. இந்தத் தோட்டத்தைத் திறந்த முதல் தொரையின் தலை அது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் முதல் கூட்டத்தை இந்தியாவிலிருந்து இக்கரைக்குக் கூட்டிவந்த பெரிய கங்காணி, குடும்பத்துக்கு ஒன்றாக அதைக் கொடுத்தாராம். அந்தக் காசு எங்கிருந்து அவர் கைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் மூக்கனின் பாட்டனாரும் வந்தார். அவருக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

அந்தக் காசை யாரும் செலவழிப்பதில்லை. வீட்டில் ஒருவர் செத்தால் சந்தனம் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். குழிக்குள் இறக்குமுன் நெற்றிக்காசை எடுத்துக்கொள்வது குழி வெட்டியவருக்குள்ள பாத்தியம். அவர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் ஒரு ரூபாயும் அரைப் போத்தல் சாராயமும் கொடுத்துக் காசை மீட்டுக்கொள்வார். இப்படிப் பதினாலு காசும் மூக்கன் கையில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒன்றும் தங்கவில்லை.

நாற்பத்தெட்டாம் வருடம் மூக்கனின் தாய் காளியாயி செத்துப்போனாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தாய்க்கு மகன் குழி வெட்டக்கூடாது என்பதால் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலிருந்து சின்னராசா குழி வெட்ட வந்திருந்தார். நெற்றிக்கு வைக்க மரக்காசு வேண்டுமென்று மூக்கன், வரிசை வீடுகளான லயத்தில் பழனியாண்டிக் கங்காணியின் காம்பரா வாசலில் போய் நின்றார். ஒரு மணி நேர இரவல்தான். குழியடியில் மீட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"டேய் மூக்கா, ஒங்க ஆத்தா நெத்தியில வச்சத எங்க ஆத்தா நெத்தியில வைக்கிறதா? போடா, ஒரு சதம் போதும் ஒனக்கு" என்றார் கங்காணி. சொன்னதோடு நிற்கவில்லை. ராசா தலை போட்ட, நூறு சேர்ந்தால்தான் ஒரு ரூபாயாகிற செப்புச் சதம் ஒன்றை மடியிலிருந்து எடுத்து வாசலில் எறிந்தார்.

மூக்கன் குனிந்து பொறுக்கிக்கொண்டார். அந்தச் சதம்தான் காளியாயி நெற்றியில் இருந்தது. குழியடியில் சின்னராசா அதை எடுத்தபோது மூக்கன் ஒரு ரூபாயும் அரைப் போத்தலும் கொடுத்து மீட்டார். ஒரு சதத்துக்கு ஒரு ரூபாய்! ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் நடந்தவர், "வாத்தியாரய்யா, இனிமே எங்க வீட்ல விழுற பொணத்துக்கு மரக்காசு இல்லாம விடமாட்டேங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு எந்த மலையில் வேலை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். மூக்கனுக்கு மூன்று வருடம் கழித்துக் கான் வெட்டும்போது காசு புறப்பட்டது. ஐம்பத்தோராம் வருடம், பழைய கோப்பி ஸ்டோர் இருந்த மேட்டில், மண் கிளறுகிற இரும்பு முள்ளில் மாட்டி வந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் மண்ணும் காலுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையைத் திறந்தால் மரம், இரண்டு ஆடு, ஆறு நட்சத்திரம். வழியிலேயே அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து மின்ன வைத்திருந்தார்.

"என்னாங்க எழுதியிருக்கு?"

எழுத்து இங்கிலீசு, வார்த்தை இங்கிலீசு இல்லை. 1838 என்ற வருடத்தையும் பொலிவியா என்பதையும் பிடித்துக்கொண்டேன். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் தென்னமெரிக்காவைக் காட்டினேன். அங்கே விரலை வைத்து, கடல்கடந்து, இலங்கை வரைக்கும் இழுத்துக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். "அப்ப இந்தத் தலை நம்ம தொரை இல்லீங்களா?"

"இல்லை."

"இம்புட்டு தூரம் கப்பல்ல வந்திருக்கு. வந்த எடத்துல மண்ணுக்குள்ள போயிருச்சு. நம்ம ஆளுங்க மாதிரித்தான்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாரு குடுத்ததும் இல்லீங்க. எனக்குன்னு வந்தது. அம்மாக்கண்ணு கேட்டா ஆடுவா" என்றார். அம்மாக்கண்ணு அவர் மனைவி.

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் ஒரு மாதம்கூட விட்டுவைக்கவில்லை.

அது எங்கள் ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்ட காலம். ஆவணி மாதத்துக்குள் போட்டாகவேண்டும். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தேன் என்று தோட்டத்துத் தொரை ஒரு கடிதம் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எங்கள் தொரை கேட்டதும் கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. தென்னமெரிக்க வெள்ளிக்காசு சேர்ப்பது. பெரு, சிலி, பொலிவியா என்று நூறு வருடப் பழங்காசுகள் சீமையிலிருந்து பதிவுத் தபாலில் வந்துகொண்டேயிருக்கும். ஒருமுறை பள்ளிக்கூட ஓடு மாற்றுவது பற்றிப் பேசப் போனபோது இழுப்பறையைத் திறந்து காட்டியிருக்கிறார். பச்சைத் துணி ஒட்டிய தட்டுகளில் வட்ட வட்டமாகப் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு காசு. தன் காலடியில் லயத்துக் காம்பராக்களில் பதினாலு காசு இருப்பது அவருக்குத் தெரியாது. சாவு வீட்டு விஷயத்தைத் தொரையிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

நான் சொன்னேன். பதினாலைப் பற்றி இல்லை, அப்படி ஒன்றைக் காட்டமுடியும் என்று மட்டும்.

"மூக்கன், ஒரு நாளைக்குக் குடு. தொரைகிட்டக் காட்டிட்டு நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. வேட்டி மடிப்பை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். "காட்டுங்க வாத்தியாரய்யா. பெரியவங்க பாத்தா அதுக்கும் ஒரு மதிப்புத்தான?"

தொரை காசைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்ததற்காக என்னை முறைத்தார். தலையைச் சுற்றியிருந்த எழுத்தை வாசித்து, 'சட்டத்தினால் சுதந்திரம் பெற்றவர்' என்று அர்த்தம் சொன்னார். ஒரு சட்டம் வந்து எங்களையெல்லாம் நாடில்லாதவர்களாக்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. நான் ரொம்ப நல்ல வாசகம் என்று தலையாட்டினேன். ஒரு தட்டில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. அவர் காசை அதில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இழுப்பறையை மூடினார்.

பத்து ரூபாய்த் தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். பிறகு, நான் கேட்காமலே, "உனக்கு ஏதோ கடிதம் வேண்டுமென்று கிளார்க் சொன்னான்" என்றார்.

காசு என்னுடையதில்லை, காட்டத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொன்னால் கடிதம் போகும். யானை வாயில் போன கரும்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய். கரும்பை நான்தான் யானை வாயில் கொண்டுபோய் ஊட்டினேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் மூக்கன் எனக்காக நின்றார். பத்து ரூபாயை நீட்டினேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் விக்கச் சொல்லலீங்களே."

"தொரை எடுத்துக்கிட்டாரு மூக்கன். நான் என்ன செய்ய?"

அவர் மண்வெட்டிப் பிடியைத் தடவினார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "விடுங்க. தொரை கேட்டா நீங்கதான் என்னா செய்வீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் அம்மாக்கண்ணு மழைக்குப் போர்த்த ஒரு கம்பளி வாங்கினாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைக் கண்டு, "ஒங்களாலதான் வாத்தியாரய்யா இந்த வருசம் நனையாம நிக்கிறேன்" என்றாள். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மூக்கனின் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். அத்தாட்சி போதாது என்று திரும்பி வந்தது. தொரை ஐம்பத்தேழில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சீமைக்குப் போனார்.

அதற்குள் தோட்டத்தில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவுக்குக் கிளம்பத் தொடங்கியிருந்தன. முதலில் போனவர் ராக்காயி. கைம்பெண். புருசன் நல்லமுத்துவை மூக்கன்தான் புதைத்திருந்தார். போகிற அன்று ராக்காயி மரக்காசைக் கொண்டுவந்து மூக்கன் கையில் வைத்தார். "அண்ணே, அவரு இங்கதான கெடக்காரு. காசையும் நான் தூக்கிட்டுப் போயிட்டா அவருக்கு யாரு இருக்கா? நீங்க வச்சுக்கிட்டு அவரு குழியப் பாத்துக்கங்க" என்றார். முந்தானையில் ஒரு கிழிசல் கிழித்து அதிலேயே முடிந்து கொடுத்தார்.

மூக்கன் வைத்துக்கொண்டார். மழையில் மண் சரிந்தால் ஏற்றிக் கட்டினார். காட்டுப் பன்றி கிளறாமல் ஆற்றுக்கல் சுமந்துவந்து பதித்தார். ஆடி அமாவாசைக்குச் சிரட்டையைக் கவிழ்த்து மறைத்து ஒரு விளக்கு வைத்தார். இந்தச் செய்தி லயத்துக்கு லயம் பரவியது. அதன்பிறகு கிளம்பிய ஒவ்வொரு குடும்பமும் ஒரு துணி முடிச்சோடு அவர் வாசலில் வந்து நின்றது. பழனியாண்டிக் கங்காணியின் குடும்பமும் வந்தது. கங்காணி அறுபதாம் வருடம் செத்திருந்தார். அவருடைய மகன் காசை நீட்டியபோது நான் கூட இருந்தேன். மூக்கன் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "ஐயா குழிக்குத் தலமாட்டுல குரோட்டன் வச்சுரட்டுங்களா?" என்றுதான் கேட்டார்.

அறுபத்து மூன்றாம் வருடம் முடியும்போது ஒரு பால்டின்னுக்குள் ஒன்பது முடிச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை என்னிடம் கொண்டுவந்து வருடம் வாசிக்கச் சொல்வார். 1830, 1846, 1853. ஒரு காசுக்கு ஓரம் நசுங்கியிருக்கும், இன்னொன்றில் ஓட்டை போட்டு ஈயம் அடைத்திருக்கும். எந்தக் காசு எந்தக் குழிக்கு என்று துணியைத் தொட்டே சொல்லிவிடுவார். சீமைத் தொரை தட்டில் அடுக்கி வைத்திருந்தார். நம்ம மூக்கன் தொரை பால்டின்னில் வைத்திருக்கிறார் என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். அந்த ஒன்பதில் ஒன்று அம்மாக்கண்ணுவுக்கோ அவருக்கோ ஆகும், இனி அவர் வீட்டுக்குக் குறையில்லை என்று நான் என் மனதைத் தேற்றிவைத்திருந்தேன். என் தப்பைக் காலமே சரிக்கட்டிவிட்டது என்ற நினைப்பு எனக்கு.

அறுபத்து நாலு ஆனி மாதம் அம்மாக்கண்ணு செத்துப்போனாள். நாலு நாள் விடாத மழை, நெஞ்சில் சளி கட்டி, மருந்துக்கும் அடங்கவில்லை. நான் போனபோது அந்தப் பழைய கம்பளியை நெஞ்சுவரை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டிச் சந்தனமும் வைத்தாயிற்று. நெற்றி வெறுமையாக இருந்தது. மூக்கன் மூலையில் பால்டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னை எடுத்து வை மூக்கன். நேரமாகுது" என்றேன்.

அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது நல்லமுத்து அண்ணனோடது. இது கங்காணி ஐயாவோடது. இது ஒரே குழியில கெடக்குற ரெட்டப்புள்ளைங்களோடது." ஒன்பதையும் சொல்லி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுல அம்மாக்கண்ணுக்குன்னு ஒன்னும் இல்லீங்களே."

"அவங்க உன்கிட்டக் குடுத்துட்டுப் போனதுதானே? உன்னுதுதானே?"

"பாத்துக்கச் சொல்லிக் குடுத்தாங்க. எடுத்துக்கச் சொல்லல."

காட்டத்தான் என்று வாங்கிப்போனவன் நான். என் காது கூசியது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் கைவிட்டுப் புதிதாக வந்திருந்த ஒரு ரூபாய் நாணயக் குத்தியை எடுத்து நீட்டினேன். "இதையாவது வை."

மூக்கன் அதை வாங்கவில்லை. "வேணாங்க வாத்தியாரய்யா. நீங்கதான் அன்னிக்கே பத்து ரூபா குடுத்துட்டீங்களே" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது, இனி நான் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார். நான் வெளியே வந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று அழுதேன். மழைதானே, யாருக்கும் தெரியவில்லை.

உள்ளே திரும்பியபோது டின்னின் அடியிலிருந்து பத்தாவதாக ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. காளியாயியின் சேலைக் கிழிசல். உள்ளே அந்தச் செப்புச் சதம். பதினாறு வருடத்துக்கு முன் வாசலில் எறிந்தது, குழியடியில் ஒரு ரூபாய் கொடுத்து மீட்டது. "எங்க வீட்டுக் காசு இதுதானுங்க" என்று சொல்லி, சந்தனம் தொட்டு அம்மாக்கண்ணு நெற்றியில் வைத்தார். அந்த அகலமான நெற்றியில் அது ஒரு பொட்டளவுக்குத்தான் தெரிந்தது. பாடை மேட்டிலிருந்து இறங்குகிற வரைக்கும் சதம் நழுவாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

குழியடியில் சின்னராசா காசை எடுத்தார். மூக்கன் முறைப்படி ஒரு ரூபாயும் அரைப் போத்தலும் கொடுத்து மீட்டார். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

அதே வருடக் கடைசியில் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் செய்து எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட செய்தி வந்தது. மூக்கனின் ஒரே மகள் நாகலெட்சுமியை இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. மறுவருடம் மருமகன் குடும்பத்தோடு கிளம்பினான். நாடற்ற கிழவரைத் தனியாக விட்டுப்போக மகளுக்கு மனமில்லை. எப்படியோ அவருக்கும் காகிதம் எடுத்துவிட்டார்கள்.

றொசல்ல ஸ்டேசனுக்கு வழியனுப்பப் போனேன். மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாயிற்று. மூக்கன் மட்டும் இறங்கி என்னிடம் வந்தார். கையில் பால்டின்.

"வாத்தியாரய்யா, நீங்க போகவேண்டியதில்ல. ஒங்களுக்குத்தான் இந்த ஊர்ல இருக்கக் காகிதம் இருக்கு."

இருக்கிறது. எதைக் கொடுத்து வாங்கியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த மேடையில் வைத்துச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். "ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டதை அவர் கவனித்தாரோ என்னவோ. ரயில் ஊதிவிட்டது. அவருக்குச் சொல்லவேண்டியது வேறு இருந்தது.

"ஒம்பது குழி. எது யாரோடதுன்னு துணிய வச்சுக் காட்டியிருக்கேனில்ல? குழி வெட்டத் தெரியாட்டிப் பரவால்லீங்க, புல்லுப் புடுங்கினாப் போதும். அமாவாசைக்கு ஒரு வெளக்கு."

டின்னை என் கையில் கொடுத்தார். ரயில் நகரத் தொடங்கியது. மருமகன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான். ஏறியவர் வேட்டி மடிப்பை அவசர அவசரமாக அவிழ்த்து, சன்னல் வழியாகக் கையை நீட்டினார். காளியாயியின் சேலைக் கிழிசலில் முடிந்த அந்த ஒரு சதம்.

"இது எங்க வீட்டுக் காசுங்க. அம்மாக்கண்ணு குழிய நீங்கதான் பாத்துக்கணும்."

ரயிலோடு கூடவே ஓடி, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.